ஊருணித் தண்ணில ஆன்டிபயாடிக் இருக்கான்னு எப்படிப் பாக்குறது? ஹெச்பிஎல்சில ஒண்ணுமே தெரியல

ஊருணிக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். நான் காரைக்குடில எம்எஸ்சி கெமிஸ்ட்ரி ரெண்டாவது வருஷம் படிக்கிறேன், சொந்த ஊரு பள்ளத்தூர் பக்கம். ப்ராஜெக்ட்டுக்கு எங்க ஊர் ஊருணித் தண்ணியத்தான் எடுத்திருக்கேன். ஏன் இதை எடுத்தேன்னா போன வருஷம் எங்க ஆயாவுக்கு நீர்க்கடுப்பு வந்துச்சு, சிப்ரோஃப்ளாக்ஸசின்னு ஒரு ஆன்டிபயாடிக், சுருக்கமா சிப்ரோ, அந்த மாத்திரை அஞ்சு நாள் கொடுத்தாக, ஒண்ணும் கேக்கல, அப்புறம் கல்ச்சர் டெஸ்ட் எடுத்துப் பாத்தா அந்தக் கிருமிக்கு சிப்ரோ வேலை செய்யாதுன்னு ரிப்போர்ட் வந்துச்சு, கடைசில ஊசி போட்டுத்தான் சரியாச்சு. அப்ப இருந்து எனக்கு இது மனசுல ஓடிக்கிட்டே இருக்கு. எங்க ஊருணிக்கு மேக்க ஒசக்க மூணு கோழிப்பண்ணை இருக்கு, வரத்துக்கால் அந்த வழியாத்தான் வருது. ஊருக்குள்ள ஒரு சின்ன ஆஸ்பத்திரியும் இருக்கு. இதெல்லாம் தண்ணில வந்து சேருதான்னு பாக்கணும்.

நான் செஞ்சது இதுதான். படித்துறைல இறங்கி ஒரு வாட்டர் பாட்டில்ல தண்ணி புடிச்சேன், ரெண்டு நாள் ரூம்ல இருந்துச்சு, அப்புறம் வாட்மேன் பேப்பர்ல வடிகட்டி நேரா ஹெச்பிஎல்சில (கரைசல்ல கலந்திருக்கிறதப் பிரிச்சுக் காட்டுற மெஷின்) 20 மைக்ரோலிட்டர் ஏத்துனேன், யூவி 278 நானோமீட்டர். அளவு தெரிஞ்ச சிப்ரோ கரைசல், அதாவது ஸ்டாண்டர்ட், 1, 5, 10 பிபிஎம் போட்டேன், கோடு அருமையா வந்துச்சு, ஆர் ஸ்கொயர் 0.999. ஆனா ஊருணித் தண்ணில, மருந்து இருந்தா வரைபடத்துல மேடு மாதிரி எழும்புற பீக்கே இல்ல, பேஸ்லைன் மட்டும்தான். எங்க கெய்டு "நாட் டிடெக்டட்னு எழுதிட்டு முடிச்சிரும்மா"ன்னு சொல்றாக. அப்பாகிட்ட காசு வாங்கி வெளிய ஒரு ப்ரைவேட் லேப்லயும் கொடுத்துப் பாத்தேன், அங்கயும் "என்டி"ன்னு ரெண்டே எழுத்துல ரிப்போர்ட். அப்ப தண்ணி சுத்தம்னு எடுத்துக்கலாமா? மனசு ஒப்பல. இதுல வேலை பாத்தவக யாராச்சும் இருந்தா சொல்லுங்க, ப்ளீஸ்.

தேவகோட்டை லேப்காரன்:

தங்கச்சி, மனசு ஒப்பலன்னு சொன்னீங்க பாருங்க, அதுதான் சரி. விட்டுடாதீங்க. நான் இறால் ஏற்றுமதிக்கு மருந்து எச்சம் பாக்குற லேப்ல பதினோரு வருஷமா இருக்கேன், இந்த "என்டி"ங்கிற ரெண்டு எழுத்த தினமும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறவன். கிடைக்கலைங்கிறது வேற, இல்லைங்கிறது வேற. எவ்வளவு வரைக்கும் கண்ணு தெரியுற மெஷின்ல பாத்துக் கிடைக்கலைன்னு எழுதாம விட்டா அந்த ரிப்போர்ட்டுக்கு மதிப்பே கிடையாது. அந்த லேப்ல ஃபோன் போட்டு "உங்க எல்ஓக்யூ எவ்வளவு"ன்னு கேளுங்க, அதாவது எவ்வளவு குறைஞ்ச அளவு வரைக்கும் நம்பி அளக்க முடியும்னு. சொல்ல முடியலைன்னா அந்தத் தாள ப்ராஜெக்ட்ல சேக்காதீங்க.

இப்ப ஒரு கணக்கு போடுவோம். உங்க ஊருணி நூறு மீட்டர் நீளம், நூறு மீட்டர் அகலம், சராசரியா ரெண்டு மீட்டர் தண்ணி நிக்குதுன்னு வைங்க. 20,000 கன மீட்டர், அதாவது 2 கோடி லிட்டர். அதுல ஒரே ஒரு 500 மில்லிகிராம் சிப்ரோ மாத்திரையக் கரைச்சு முழுசாக் கலந்துட்டா லிட்டருக்கு 25 நானோகிராம் வரும். நீங்க போட்ட ஸ்டாண்டர்ட்ல ரொம்பச் சின்னது 1 பிபிஎம், அது லிட்டருக்கு 10 லட்சம் நானோகிராம். அந்த அளவுக்கு ஊருணில சிப்ரோ இருக்கணும்னா 20 கிலோ மருந்து வேணும், மாத்திரையா எண்ணுனா 40,000. உங்க மெஷின் 40,000 மாத்திரையத் தேடிருக்கு, கிடைக்கலைன்னு சொல்லிருக்கு, அம்புட்டுதான். அதுக்குக் கீழ என்ன இருக்குன்னு அதுக்கே தெரியாது.

ஹைதராபாத் பக்கம் பட்டஞ்செருவுல மருந்துக் கம்பெனிகளோட கழிவுநீரச் சுத்திகரிக்கிற ஆலைல இருந்து வெளிய வந்த தண்ணிய ஸ்வீடன் ஆளுக எடுத்துப் பாத்து 2007ல பேப்பர் போட்டாக, லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரைக்கும் சிப்ரோ. அந்தத் தண்ணிய நீங்க செஞ்ச மாதிரி நேரா ஏத்திருந்தாக்கூட பீக் எந்திரிச்சு நின்னிருக்கும். கோழிப்பண்ணை, சின்ன ஆஸ்பத்திரி, செப்டிக் டேங்க் இதுல இருந்து வந்து ஊருணில கலந்து நிக்கிறது பெரும்பாலும் நானோகிராம் கணக்குலதான் இருக்கும். அதுக்கு வழி வேற.

வழி என்னன்னா தண்ணிய சுண்ட வைக்கிறது. அடுப்புல இல்ல, எஸ்பிஇ கார்ட்ரிஜ்ல, அதாவது தண்ணி போகும்போது மருந்தப் புடிச்சு வச்சுக்கிற பொடி அடைச்ச சின்னக் குழாய்ல. ஓயசிஸ் ஹெச்எல்பி மாதிரி கார்ட்ரிஜ், 200 மில்லிகிராம், 6 எம்எல். 500 எம்எல் தண்ணிய வடிகட்டி, ஈடிடிஏ லிட்டருக்கு அரை கிராம் கணக்குல போட்டு, பிஹெச்ச 3க்குக் கொண்டு வந்து, அந்த கார்ட்ரிஜ் வழியா விடணும். அதுக்கு முன்னால 6 எம்எல் மெத்தனால், அப்புறம் 6 எம்எல் தண்ணி விட்டு கார்ட்ரிஜ்ஜ எழுப்பணும், எழுப்பின பிறகு சாம்பிள் போறதுக்குள்ள அது காயாமப் பாத்துக்கிறது நல்லது. நிமிஷத்துக்கு 5 எம்எல் வேகம், அதுக்கு மேல இழுக்காதீங்க. 500 எம்எல்க்கு 100 நிமிஷம் ஆகும், பக்கத்துல உக்காந்து பாக்கணும். அப்புறம் கொஞ்சம் தண்ணி விட்டுக் கழுவி, நல்லா உலர விட்டு, மெத்தனால்ல இறக்கி, நைட்ரஜன் ஊதி வத்த வச்சு, அரை எம்எல்லுக்குக் கொண்டு வாங்க. 500 எம்எல் அரை எம்எல் ஆச்சு, ஆயிரம் மடங்கு. மாத்திரைக் கணக்குல சொன்ன 25 நானோகிராம் இப்ப லிட்டருக்கு 25 மைக்ரோகிராம் கணக்குல உங்க வையல்ல (சின்னக் குப்பி) இருக்கும்.

ஈடிடிஏ எதுக்குன்னு கேப்பாக வைவால. சிப்ரோ மாதிரி ஃப்ளூரோக்வினோலோனும் டெட்ராசைக்ளினும் கால்சியம், மெக்னீசியம், இரும்பப் பாத்தா கட்டிப் புடிச்சுக்கும். நம்ம பக்கம் தண்ணில இரும்பும் செம்மண்ணும் எம்புட்டு இருக்குன்னு உங்களுக்குத் தெரியும். ஈடிடிஏ போனா அந்த உலோகத்த அது எடுத்துக்கும், மருந்து விடுபட்டு கார்ட்ரிஜ்ல ஒட்டும்.

மூலக்கூற உடைச்சு எடை பாக்குற எல்சி-எம்எஸ்/எம்எஸ் மெஷின் இருந்தா ரொம்ப நல்லது. சிப்ரோன்னா 332ல இருந்து 314, 288ன்னு ரெண்டு துண்டு பாத்து, அது ரெண்டுக்கும் உள்ள விகிதம் ஸ்டாண்டர்ட்ல உள்ள மாதிரியே இருக்கான்னு சரி பாத்து உறுதியாச் சொல்லலாம். ஆனா அது இல்லைன்னு உக்காந்துடாதீங்க. உங்க டிபார்ட்மென்ட்ல ஃப்ளூரசன்ஸ் டிடெக்டர் இருக்கான்னு கேளுங்க, பல இடத்துல ஹெச்பிஎல்சியோடயே வாங்கி வச்சுட்டு மூடியே வச்சிருப்பாக. சிப்ரோவும் அதோட சொந்தக்கார மருந்து என்ரோஃப்ளாக்ஸசினும் தானா ஒளிர்ற சாமான், அமில மொபைல் ஃபேஸ்ல 280 நானோமீட்டர்ல ஒளி விட்டு 450ல பாத்தா யூவிய விட ரொம்பக் கீழ போகலாம். எஸ்பிஇ சேத்தா லிட்டருக்குச் சில பத்து நானோகிராம் வரைக்கும் தைரியமா இறங்கலாம். இது ஒண்ணு ரெண்டு மருந்துக்கு மட்டும்தான், சல்ஃபா, அசித்ரோ மாதிரி வேற ஆன்டிபயாடிக்குக்கு உதவாது. ஆனா உங்க கேள்வியே சிப்ரோ பத்தினதுதானே.

கால்நடை டாக்டர் (ஓய்வு):

லேப் தம்பி நல்லாச் சொல்லிட்டாரு, நான் பண்ணை பக்கத்துல இருந்து கொஞ்சம் சொல்றேன்மா. கோழிக்குப் பெரும்பாலும் கொடுக்கிறது சிப்ரோ இல்ல, என்ரோஃப்ளாக்ஸசின், குடிதண்ணில கலந்து விடுவாக. எடை கிலோவுக்கு 10 மில்லிகிராம், மூணுல இருந்து அஞ்சு நாள். 5,000 கோழி இருக்கிற ஷெட், ஒண்ணு 2 கிலோ எடைன்னா மொத்தம் 10,000 கிலோ, ஒரு நாளைக்கு 100 கிராம் மருந்து, அஞ்சு நாளைக்கு அரை கிலோ. ஆயிரம் மாத்திரைக்குச் சமம், ஒரே ஷெட்ல ஒரே தடவைல. எல்லாம் ஊருணிக்கு வராது, ஆனா எச்சத்துல வெளிய வர்றது குப்பைல தங்கும், அந்தக் கோழிக்குப்பைய வயலுக்கு எருவா வாங்கிப் போடுவாக இல்லாட்டி ஷெட்டுக்குப் பின்னாலயே குவிச்சு வச்சிருப்பாக, அதுமேல மழை அடிக்கும்போதுதான் வரத்துக்கால்ல இறங்கும். அதனால நீங்க வெயில் நாள்ல படித்துறைல எடுத்த தண்ணி ஒண்ணுக்கும் உதவாது. ஐப்பசி மழை முதல் தடவை வெளுத்து வாங்கி வரத்துக்கால் ஓடத் தொடங்குதே, அந்த ஒரு மணி நேரத்துத் தண்ணியப் புடிங்க.

இன்னொண்ணு, இது உங்களுக்கு ரொம்பப் பிரயோசனப்படும். என்ரோஃப்ளாக்ஸசின் உடம்புக்குள்ள போயி ஒரு பங்கு சிப்ரோவா மாறும், மாட்டுல நிறைய மாறும், கோழில கொஞ்சம்தான். அதனால ரெண்டையும் சேத்துப் பாருங்க. என்ரோ தூக்கலா இருந்து சிப்ரோ கொஞ்சமா இருந்தா கோழிப்பண்ணை பக்கம் கை காட்டும். என்ரோவே இல்லாம சிப்ரோ மட்டும் இருந்தா அது பெரும்பாலும் மனுசன் சாப்பிட்டது, ஆஸ்பத்திரியோ செப்டிக் டேங்கோ. மனுசன் சாப்பிடுற சிப்ரோவுல கிட்டத்தட்ட பாதி சிறுநீர்ல அப்படியே வெளிய வந்துடும். பண்ணைக்காரவுகள முதல்லயே குத்தவாளியா நிறுத்திட்டுப் போகாதீங்க, நேராப் போயி எப்ப எந்த மருந்து கொடுத்தாகன்னு தன்மையாக் கேளுங்க, பாதிப் பேரு மறைக்காமச் சொல்லுவாக, தேதியோட நோட்டுல எழுதி வச்சிருக்கிறவுகளும் உண்டு. கொலிஸ்டின்ங்கிற மருந்து மட்டும் 2019 ஜூலைல இருந்து கோழி, மாடு, மீன் எதுக்கும் கொடுக்கக் கூடாதுன்னு மத்திய அரசு தடை போட்டுருச்சு, மனுசனுக்குக் கடைசி ஆயுதமா வச்சிருக்கிற மருந்து அது.

ஊருணிக்கரை:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி, 40,000 மாத்திரைக் கணக்க எங்க கெய்டுகிட்ட காட்டுனேன், அவக கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு "சரி, இன்னொரு தடவை செய்வோம்"ன்னு சொல்லிட்டாக! ஃப்ளூரசன்ஸ் டிடெக்டர் இருக்கு, லேம்ப் ஓடுதான்னு பாத்தாச்சு, ஓடுது.

ஆனா ரெண்டு பிரச்சனை. கார்ட்ரிஜ் ஒரு சீனியர் அக்காகிட்ட மிச்சம் இருந்த நாலுதான் இருக்கு, புதுசு ஒரு பாக்ஸ் வெல கேட்டா தலை சுத்துது. அதுக்கு மேல, நேத்து வரத்துக்கால் பக்கம் தேங்கி இருந்த தண்ணியக் கொஞ்சம் எடுத்து 0.45 மைக்ரான் ஃபில்டர்ல விட்டுப் பாத்தேன், செக்கச்செவேல்னு இருந்துச்சு, 80 எம்எல் போறதுக்குள்ள ஃபில்டர் மேல செம்மண் களி மாதிரி பூசிக்கிட்டு அடைச்சுப் போச்சு, பம்ப் மட்டும் சத்தம் போடுது, ஒரு சொட்டு இறங்கல. 500 எம்எல் எப்படி விடுறது? அப்புறம் என் ஃப்ரெண்டு பால்ல ஆன்டிபயாடிக் பாக்குற கிட்டு இருக்கு, அதுல ஊருணித் தண்ணிய விட்டுப் பாக்கலாம்னு சொல்றா. இன்னொருத்தன் சென்சார் பண்ணு, பேப்பர்ல எல்லாம் நானோமோலார் வரைக்கும் போறாகன்னு சொல்றான். இதுல எது?

மின்முனை:

வணக்கம், நான் காரைக்குடிலயே மின்வேதியியல்ல பிஹெச்டி பண்றேன், மருந்து பட்டா மின்சார சிக்னல் கொடுக்கிற எலக்ட்ரோடு சென்சார்தான் என் வேலை, அதனால நான் சொல்றத நம்பலாம்னு நினைக்கிறேன். 1948ல சிக்ரிக்கு (மத்திய மின்வேதியியல் ஆய்வகம்) அடிக்கல் நாட்டுன ஊர்ல இருந்துக்கிட்டு எலக்ட்ரோடு வேண்டாம்னு சொல்ல எனக்கே கஷ்டமா இருக்கு, ஆனா உங்க இந்த வேலைக்கு இப்ப வேண்டாம்.

நானோமோலார்னு கேக்கவே சின்னதா இருக்கும். சிப்ரோவோட மூலக்கூறு எடை 331. அப்ப 1 நானோமோலார்னா லிட்டருக்கு 331 நானோகிராம். பேப்பர்ல "50 நானோமோலார் வரை கண்டுபிடிச்சோம்"னு எழுதிருந்தா அது லிட்டருக்கு 16,500 நானோகிராமுக்கு மேல, உங்க ஊருணில அதெல்லாம் எங்க இருக்கப் போகுது. எந்தப் பேப்பர எடுத்தாலும் முதல்ல மோலார நானோகிராமா மாத்திப் பாருங்க, பாதிப் பேப்பர் அங்கயே நின்னுடும். சில பேப்பர்ல உண்மையிலயே கீழ போயிருக்காக, ஆனா பெரும்பாலும் லேப்ல செஞ்ச சுத்தமான பஃபர் கரைசல்ல. கண்மாய்த் தண்ணி வேற. அதுல இலை தழை அழுகுன ஹ்யூமிக் அமிலம் எலக்ட்ரோடு மேல படலமாப் படிஞ்சு சிக்னல அமுக்கிடும், சிப்ரோ ஆக்சிடைஸ் ஆகுற மின்னழுத்தம் கிட்டத்தட்ட 1 வோல்ட், அம்புட்டு தூரம் போகும்போது கூட இருக்கிற வேற கரிமப் பொருளும் சேந்து ஆக்சிடைஸ் ஆகும். நான் முதல் வருஷம் ஒரு கண்மாய்த் தண்ணில எலக்ட்ரோட முக்குனப்ப ஸ்டாண்டர்ட்ல வந்த பீக் மூணாவது ஸ்கேன்லயே பாதியாப் போச்சு, எடுத்துப் பாத்தா கருப்பு எலக்ட்ரோடு மேல எண்ணெய் மாதிரி ஒரு மினுமினுப்பு, விரல்ல தொட்டா வழவழன்னு இருந்துச்சு. அதுக்கு அப்புறம் ரெண்டு வருஷமா அந்தப் படலம் படியாம இருக்க என்ன பண்ணலாம்ங்கிறதுதான் என் தீசிஸே. ஒருநாள் பஞ்சாயத்து ஆபீஸ்ல வச்சு அஞ்சு நிமிஷத்துல பாக்குற மாதிரி கருவி வரணும், வரும், அதுக்குத்தான் இம்புட்டு பேரு உழைக்கிறோம். ஆனா ஆறு மாசத்துல ப்ராஜெக்ட் முடிக்கணும்னா எஸ்பிஇயும் ஃப்ளூரசன்ஸும்தான்.

பால் கிட்டு பத்தி: அதுல உள்ள பாக்டீரியா 64 டிகிரில வளந்து அமிலம் விட்டு ஊதாவ மஞ்சளாக்கும், மருந்து இருந்தா வளராது, ஊதாவாவே இருக்கும். பென்சிலின் குடும்பத்துக்கு அது ரொம்ப உஷாரு, பாலுக்குச் செஞ்சது அதுக்குத்தான். சிப்ரோ, என்ரோவுக்கு அது மந்தம். பென்சிலின் வகையோ தண்ணில சீக்கிரம் உடைஞ்சு போயிரும். அதனால மஞ்சளா மாறுனா ஒண்ணும் தெரிஞ்சதா ஆகாது.

தேவகோட்டை லேப்காரன்:

தம்பி சரியாச் சொன்னாரு. அடைப்புக்கு வழி: முதல்ல சாம்பிளக் குளிர்ல ஒரு மணி நேரம் அசையாம வைங்க, மண்ணு கீழ இறங்கட்டும், சென்ட்ரிஃப்யூஜ் இருந்தா 4,000 ஆர்பிஎம்ல பத்து நிமிஷம் ஓட்டுங்க, மேல தெளிஞ்சத மட்டும் கண்ணாடி நார் ஃபில்டர்ல, 0.7 மைக்ரான், விடுங்க. நைலான் வேண்டாம், அதுவே மருந்தக் கொஞ்சம் உறிஞ்சும்.

ஆனா அந்தக் களிய வழிச்சு எறியாதீங்க தங்கச்சி, இது முக்கியம். சிப்ரோ, என்ரோ ரெண்டும் களிமண்ணுல போயி ஒட்டிக்கிற சாதி, தெளிஞ்ச தண்ணில மிஞ்சுறது சொச்சம்தான். அதோட நம்ம ஊர் வெயிலுக்குப் படித்துறை ஓரத்துத் தண்ணில இருக்கிற சிப்ரோ சூரிய வெளிச்சத்துலயே உடையும், ஆழம் இல்லாத தெளிஞ்ச தண்ணின்னா சில மணி நேரத்துலயே நிறைய போயிரும். வெளிச்சம் படாத அடிச் சேறுலதான் அது தங்கும். அதனால வரத்துக்கால் வாய்ல, ஊருணி நடுவுல, படித்துறைல மூணு இடத்துல சேறும் எடுத்து ஃப்ரீசர்ல போட்டு வைங்க, இப்ப பாக்க முடியலைன்னாலும் பின்னால உதவும். பாட்டிலு பழுப்புக் கண்ணாடி, இல்லைன்னா வெள்ளப் பாட்டிலுக்கு அலுமினியத் தாள் சுத்துங்க. எடுத்ததும் ஐஸ்பெட்டில. ரெண்டு நாளுக்குள்ள கார்ட்ரிஜ்ல ஏறிடணும்.

நாலு கார்ட்ரிஜ்தான் இருக்குன்னா நான் இப்படிப் பிரிப்பேன். ஒண்ணு வரத்துக்கால் தண்ணி. ரெண்டாவது அதே தண்ணில நீங்களே தெரிஞ்சே மருந்து போட்டது: லிட்டருக்கு 100 நானோகிராம் வரணும்னா 1 பிபிஎம் ஸ்டாண்டர்ட்ல இருந்து 50 மைக்ரோலிட்டர 500 எம்எல்ல விடுங்க. போட்டதுல எவ்வளவு திரும்ப வந்துச்சுங்கிறதுதான் உங்க முறைக்குச் சாட்சி, அது இல்லாம மத்த எந்த நம்பரும் நிக்காது. மூணாவது ப்ளாங்க், டிஸ்டில்டு வாட்டர ஊருக்குக் கொண்டு போயி அங்கயே பாட்டில்ல மாத்தி மூடிக் கொண்டு வந்தது. இத யாரும் செய்ய மாட்டாக, ஆனா ப்ளாங்க்ல பீக் வந்தா மத்ததுல வந்த பீக்க நம்ப முடியாது. நாலாவது ஊருணி நடுத் தண்ணி. அந்த வாரம் நீங்களோ கூட வர்றவகளோ சிப்ரோ மாதிரி மாத்திரை சாப்பிட்டிருந்தா சாம்பிள் எடுக்க வேற ஆள அனுப்புங்க, நானோகிராம் கணக்குல கை ஈரம்கூட ஊருணிக்குச் சமம். கையுறை போடுங்க.

பீக் வந்துச்சுன்னா உடனே சந்தோசப்பட்டுடாதீங்க. அந்த வையல்லயே கொஞ்சம் ஸ்டாண்டர்ட் சேத்து திரும்ப ஏத்துங்க, அதே பீக் உயரணும், பக்கத்துல தோள் மாதிரி இன்னொரு பீக் முளைக்கக் கூடாது. முளைச்சா அது வேற ஏதோ ஒளிர்ற கரிமப் பொருள், ஹ்யூமிக்கும் ஒளிரும். அப்படியும் உறுதி வேணும்னா அந்த வையல நல்லா மூடிக் குளிர்ல வச்சு எல்சி-எம்எஸ்/எம்எஸ் இருக்கிற இடத்துல ஒரே ஒரு இஞ்செக்‌ஷனுக்குக் கெஞ்சுங்க, ஒண்ணுன்னா யாரும் மாட்டேன்னு சொல்ல மாட்டாக.

கோட்டையூர் அய்யா:

எனக்கு உங்க மெஷினு எல்லாம் தெரியாது, வயசு எழுபத்திமூணு, பேரன் ஃபோன்ல படிச்சுக் காட்டுனான், நான் சொல்லச் சொல்ல அவன் டைப் பண்றான். ஊருணின்னு பேச்சு வந்ததால சொல்றேன். எங்க சின்ன வயசுல குடிதண்ணி ஊருணில காலு நனைக்க விடமாட்டாக, சுத்திச் சுவரு, ஒரு காவக்காரரு கம்போட உக்காந்திருப்பாரு, செருப்பக் கழட்டிட்டுக் குடத்தோட இறங்குவாக. குளிக்க வேற ஊருணி, மாட்டுக்கு வேற. எந்த மழைத்தண்ணி எந்த ஊருணிக்குப் போகணும்னு வரத்துக்கால் வெட்டுனவுகளுக்குத் தெரிஞ்சிருக்கு, மேட்டுல இருந்து பொட்டல் வழியா மணல்ல ஓடி, ஒரு குட்டைல தங்கி மண்ண விட்டுட்டுத்தான் உள்ள வரும். இப்ப அந்தக் குட்டை மேலதான் பாதி ஊர்ல வீடு கட்டிருக்காக. அம்மணி நீ மருந்து இருக்கா இல்லையான்னு பாக்குறதுக்கு முன்னால உங்க ஊர் வரத்துக்கால நடந்து போயிப் பாரு, தொடங்குற இடத்துல இருந்து ஊருணி வரைக்கும், எங்க எங்க குழாய் வந்து சேருதுன்னு எண்ணு. மழைக்காலத்துல போனா காலு சேத்துல போகும், ஆனா அப்பத்தான் தெரியும். கிராமக் கணக்குப் படத்துல பழைய வரத்துக்கால் கோடு இருக்கும், அதையும் வாங்கிப் பாரு.

நுண்ணுயிர் அக்கா:

அய்யா சொன்னது எல்லாத்தையும் விட முதல்ல செய்ய வேண்டியது. நான் ஒரு ஆஸ்பத்திரி மைக்ரோபயாலஜி லேப்ல இருக்கேன், உங்க ஆயா விசயம் படிச்சதும் எழுதணும்னு தோணுச்சு.

ஆயாவுக்கு வந்த கிருமிக்கு சிப்ரோ கேக்காம போனதுக்கு ஊருணித் தண்ணிதான் காரணம்னு இந்த ப்ராஜெக்ட்டால நிரூபிக்க முடியாது, அத எழுதிடாதீங்கம்மா. நீர்க்கடுப்பு வர வைக்கிற ஈ.கோலைங்கிற பாக்டீரியால சிப்ரோவுக்கு அடங்காதது நம்ம நாட்டுல எல்லா ஊர்லயும் நிறைய இருக்கு, தினமும் கிருமி வளக்குற ப்ளேட்டுல பாக்குறேன், மாத்திரைய பாதில நிறுத்துறது, டாக்டர் சீட்டு இல்லாமக் கடைல வாங்கிச் சாப்பிடுறதுன்னு அதுக்கு நூறு வழி. ஆனா தண்ணில கொஞ்சூண்டு மருந்து எப்பவும் இருந்தா அதுக்கு அடங்காத பாக்டீரியா மட்டும் பிழைச்சுப் பெருகுற வாய்ப்பு உண்டு. எந்த அளவுக்குக் கீழ இருந்தா அந்தப் பயம் இல்லன்னு ஸ்வீடன்ல கணக்குப் போட்டு 2016ல வெளியிட்டாக, சிப்ரோவுக்கு அவுக சொன்னது லிட்டருக்கு 64 நானோகிராம். உங்க நம்பர எதோட ஒப்பிடணும்னு கெய்டு கேட்டா இதச் சொல்லுங்க. உங்க முறை 64க்குக் கீழ பாக்கலைன்னா திரும்பவும் கிடைக்கலைன்னு எழுதி உதவாது.

வீட்டுல "தண்ணி குடிக்கலாமா"ன்னு கேப்பாக இல்லையா. 64 நானோகிராம் இருக்கிற தண்ணிய ஒரு நாளைக்கு ரெண்டு லிட்டர் குடிச்சா உள்ள போறது 128 நானோகிராம், ஒரு 500 மில்லிகிராம் மாத்திரைல கிட்டத்தட்ட 39 லட்சத்துல ஒரு பங்கு. மருந்தா அது உடம்ப ஒண்ணும் பண்ணாது. பயப்பட வேண்டியது அதே செப்டிக் டேங்க் வழியா வர்ற கிருமிக்கு. கொதிக்க வச்சா கிருமி சாகும், சிப்ரோ சூட்டுக்கு அசையாது, இருந்துட்டுப் போகட்டும். ஆயாவுக்குக் கொதிக்க வச்ச தண்ணியே கொடுங்க, இன்னைல இருந்தே.

கார்ட்ரிஜ் செலவு தாங்கலைன்னா இன்னொரு பக்கமும் இருக்கு. மருந்தத் தேடாம மருந்துக்கு அடங்காத ஈ.கோலைய எண்ணுறது. டபிள்யூஹெச்ஓ 2021ல போட்ட ட்ரைசைக்கிள் முறை: ஒரே தண்ணிய செஃபோடாக்ஸிம்ங்கிற ஆன்டிபயாடிக் கலக்காத ப்ளேட்டுலயும் கலந்த ப்ளேட்டுலயும் வளத்து, மொத்தத்துல எத்தன பங்கு அடங்காததுன்னு பாக்குறது. உங்க காலேஜ் மைக்ரோபயாலஜி டிபார்ட்மென்ட்ல ஒருத்தரக் கூட்டு சேத்துக்கோங்க, கெமிஸ்ட்ரி லேப்ல நீங்களா செய்யாதீங்க, அந்த ப்ளேட்டுகள ஆட்டோக்ளேவ்ல (அழுத்த நீராவில) வச்சுக் கிருமியக் கொல்லாமத் தூக்கிப் போடவே கூடாது. மருந்தளவும் இந்தப் பங்கும் ஒரே நாள் ஒரே இடத்துல இருந்து எடுத்ததா இருந்தா, அதுதான் உங்க ப்ராஜெக்ட்டோட உயிர்.

ஊருணிக்கரை:

பதில் போடப் பத்து நாள் ஆயிடுச்சு, மன்னிச்சுக்கோங்க எல்லாரும். அய்யா சொன்ன மாதிரி போன ஞாயித்துக்கிழம அப்பாவக் கூட்டிக்கிட்டு வரத்துக்கால் முழுக்க நடந்தேன். கோழிப்பண்ணை பக்கத்துல குப்பை மேட்டுக்கும் கால்வாய்க்கும் நடுவுல ஒரு ஆள் உயரத்துக்குக் கருவேலமரம் மட்டும்தான், அத நான் எதிர்பாத்தேன். எதிர்பாக்காதது என்னன்னா ஊருக்குள்ள நுழையுற இடத்துல பாலத்துக்கு அடில நாலு பிவிசி குழாய் வந்து விழுது, மூணு வீட்டுக் குழாய், ஒண்ணு ஆஸ்பத்திரி பக்கத்துல இருந்து வருது. தெனமும் அந்தப் பாலத்து மேலதான் சைக்கிள்ல போயி வந்திருக்கேன். பாலத்துக்கு மேல ஒரு சாம்பிள், கீழ ஒரு சாம்பிள்னு எடுத்தா டாக்டர் அய்யா சொன்ன என்ரோ, சிப்ரோ வித்தியாசம் அங்கயே தெரியும்ல?

பண்ணைக்காரரு ஒருத்தரு நோட்ட எடுத்துக் காட்டுனாரு, போன மாசம் 18ல இருந்து 22 வரைக்கும் என்ரோ கொடுத்ததா எழுதிருக்கு. நம்பி காட்டுனாரு, அவரு பேரு ப்ராஜெக்ட்ல வராது.

அந்த நாலு கார்ட்ரிஜ்ல கை வைக்காம, சீனியர் அக்கா தேதி முடிஞ்ச பழைய கார்ட்ரிஜ் ரெண்டு எடுத்துக் கொடுத்தாக, பழகிப் பாக்கன்னு அதுல ஊருணித் தண்ணிய ஸ்பைக் பண்ணி, அதாவது தெரிஞ்ச அளவு மருந்து போட்டு, விட்டேன். ஒண்ணு ஈடிடிஏ போடாம, ஒண்ணு போட்டு. போடாததுல போட்ட மருந்துல கால்வாசிகூடத் திரும்ப வரல, போட்டதுல பீக், பக்கத்துல இருந்த அக்கா "ஏய்!"னு கத்துற அளவுக்கு எந்திரிச்சு நின்னுச்சு. இப்ப வைவால யாரு கேட்டாலும் எனக்குப் பயம் இல்ல. மைக்ரோபயாலஜில ஒரு பிள்ளை கூட வரேன்னு சொல்லிருக்கா, ப்ளேட்டு அவ பொறுப்பு. ஆயாவுக்குத் தண்ணி கொதிக்க வச்சுத்தான் கொடுக்கிறோம், "சப்புன்னு இருக்கு"ன்னு திட்டுறாக, இருந்தாலும் குடிக்கிறாக.

இப்ப மணி ராத்திரி பதினொண்ணே கால். சாயங்காலத்துல இருந்து கிழக்க மின்னிக்கிட்டே இருந்துச்சு, அரை மணி நேரமா நல்ல மழை, ஓட்டுல அடிக்கிற சத்தத்துல அப்பா எந்திரிச்சு உக்காந்துட்டாக. டார்ச் லைட், கையுறை, அலுமினியத் தாள் சுத்துன ஆறு பாட்டில், மீன்காரக்காகிட்ட கேட்டு வாங்குன ஐஸ்பெட்டி எல்லாம் திண்ணைல இருக்கு, ப்ளாங்க் பாட்டிலையும் மறக்காம வச்சுட்டேன். கால்வாய் ஓடுற சத்தம் கேக்குதுன்னு சொல்றாக. கிளம்புறோம்.